தண்ணீர் களைக்கும் இடங்கள்: வெள்ளவத்தையிலிருந்து வவுனியா வரை

முதலாம் நாள், வெள்ளவத்தை

பிற்பகல் மூன்றரைக்கு இடி இடித்தது. நான்கு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு ஒற்றைச் செருப்பும், யாரோ வீட்டு ரோசாச் சாடியும் மிதந்து போயின. ஐந்தரைக்கு எல்லாம் வடிந்து, பெருந்தெருவான காலி வீதியில் பஸ்களின் ஹோர்ன் பழையபடி கேட்கத் தொடங்கிவிட்டது. ஒக்டோபர் மாதக் கொழும்பில் இது அன்றாடக் கூத்து.

எங்கள் மாடிக் குடியிருப்பின் முற்றத்தில் கைப்பிடி மண் கிடையாது. முழுக்கக் கொங்கிறீற். கூரையில் விழும் மழை குழாயால் இறங்கிக் கானில் விழும், கான் கால்வாய்க்குப் போகும், கால்வாய் கடலுக்குப் போகும். கணக்காளர் வேலையின் பழக்கதோஷம், இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூரை 200 சதுர மீற்றர், பெய்தது 50 மில்லிமீற்றர் என்று வைத்தால் 10,000 லீற்றர். ஒரு பவுசர் தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்குள் கடலுக்குத் தாரை வார்த்துவிட்டு, தெரு காய்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோம்.

இரவு வவுனியாவிலிருந்து பெரியப்பாவின் அழைப்பு. "இஞ்ச இன்னும் துளி விழேல்லைத் தம்பி. வாறதெண்டால் இப்ப வா. குளம் அடி தெரியக் கிடக்குது. வத்தின நேரத்தில பார்த்தால்தான் தண்ணி எந்தப் பக்கத்தால வருதெண்டு விளங்கும்."

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு உலர் வலயத்தைப் பற்றி ஒரு செயற்றிட்டம் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. பாடசாலைக்கு லீவு சொல்லியாயிற்று. நாளைக் காலை கோட்டை நிலையத்தில் யாழ்தேவி.

இரண்டாம் நாள், ரயிலில்

யன்னல் இருக்கை மகளுக்கு. எனக்கு இறால் வடை.

பொல்காவலை வரை பச்சைக்குக் குறைவில்லை. குருநாகல் தாண்டியும் தென்னை கூடவே வருகிறது. மாகோவுக்குப் பிறகு நிறம் மெல்ல மாறத் தொடங்குகிறது. தென்னை ஐதாகிறது, மரங்கள் குட்டையாகின்றன, இலைகள் சிறுக்கின்றன, நடுநடுவே யானை படுத்திருப்பதுபோல் கரும்பாறைகள். கல்கமுவப் பக்கத்தில் தண்டவாளத்தின் இரண்டு கரையிலும் குளங்கள், பாதிக்கு மேல் வற்றி, நடுவில் தாமரைத் தண்டுகளும் எருமைகளும்.

மகள் தன் கொப்பியில் எழுதி வைத்திருந்த ஒரு வரியை வாசித்தாள். உலர் வலயம் என்றால் ஆண்டுக்கு 1750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதி. வவுனியாவுக்கு 1400 அளவில், கொழும்புக்கு 2400 அளவில். "அப்ப லண்டனுக்கு எவ்வளவு அப்பா?" அவளுடைய மாமா அங்கே இருக்கிறார், அதனால் வந்த கேள்வி. தேடிப் பார்த்தால் 600 அளவில். வவுனியாவின் பாதிகூட இல்லை! மாமாவுடைய ஊரை யாரும் உலர் வலயம் என்பதில்லையே என்று அவளுக்கு ஒரே குழப்பம்.

விடை மாதங்களில் இருக்கிறது. வவுனியாவின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டிலும் தென்மேற்கிலும் இறக்கிவிட்டு, வெறுங்காற்றாக இந்தப் பக்கம் வந்து வீசும். அந்தக் காற்றிலும் வெயிலிலும் திறந்த குளத்திலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் ஆவியாகிப் போகும். நூறு நாளில் அரை மீற்றர். ஆள் உயரம்கூட ஆழமில்லாத கிராமத்துக் குளத்துக்கு அது பெரிய இழப்பு. ஆக இந்த ஊரில் மழைக்குப் பஞ்சம் என்று சொல்வது சரியில்லை. வந்த மழையை அடுத்த வைகாசி வரை எங்கே வைப்பது என்பதுதான் தலையிடி.

நிலத்தின் வடிவத்தையும் இன்று கொஞ்சம் கவனித்தேன். மதவாச்சிப் பக்கம் தட்டையான பூமி என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். தட்டை இல்லை. பாயை விரித்து இரண்டு பக்கத்தாலும் சற்று நெருக்கினால் வருமே மெல்லிய மடிப்புகள், அப்படி. மேட்டில் சிவப்பு மண், பள்ளத்தில் சாம்பல் நிறச் சேற்று மண். ஒவ்வொரு பள்ளத்தின் குறுக்கேயும் ஒரு குளக்கட்டு. அந்த மடிப்பு இல்லாவிட்டால் கட்டுவதற்கு இடமே கிடைத்திருக்காது.

மூன்றாம் நாள், வவுனியா, பெரியப்பா வீடு

காலையில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் மகள் வரைபடத்தை வைத்துக்கொண்டு பெயர்களை வாசித்தபடி வந்தாள். பூவரசங்குளம், பாவற்குளம், புளியங்குளம், நொச்சிமோட்டை, பம்பைமடு. பெரும்பாலும் ஒரு மரம், செடி அல்லது கொடி, கூடவே ஒரு நீர்நிலை. குளம் என்றால் பெரிது, மோட்டை என்றால் சின்னக் குட்டை, மடு என்றால் ஆழமான நீர்க்கிடங்கு. இந்த மண்ணில் செடியையும் தண்ணீரையும் ஒரே சொல்லாகச் சேர்த்துத்தான் ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கமக்காரர் அமைப்பில் பல காலம் செயலாளராக இருந்தவர். வெயில் ஏறமுதல் எங்களைக் குளக்கட்டில் ஏற்றிவிட்டார்.

நான் எதிர்பார்த்தது குளத்தை. அவர் காட்டியது குளத்தைச் சுற்றியுள்ள மரங்களை. குளத்தின் மேற்புறம், தண்ணீர் நிறைந்தால் வந்து தொடும் அலைகரையில், மருதும் நாவலும் வரிசை குலைந்து நிற்கின்றன. மாரியில் முழங்கால் தண்ணீரில் நின்றாலும் அழுகாத சாதி. அதற்கும் மேலே ஒரு புல்வெளி, கோரையும் அறுகும் கலந்து. அதற்கும் மேலே வீரை, பாலை, முதிரை நிற்கும் காடு. இந்த ஒழுங்கு தற்செயல் இல்லையாம். சிங்களக் கிராமங்களில் அலைகரை மரப்பட்டைக்கு 'கஸ்கொம்மன' என்றும், புல்வெளிக்கு 'பெரஹன' என்றும் பெயர். பெரஹன என்றால் வடி. தேயிலை வடி மாதிரித்தான். மேட்டிலிருந்து மண்ணோடு வரும் தண்ணீர் புல்லுக்குள் நுழைந்து, மண்ணை அங்கே விட்டுவிட்டுக் குளத்துக்குள் இறங்க வேண்டும். மரங்களின் வேலை வேறு. காற்றை மறித்தால் அலை குறையும், அலை குறைந்தால் கட்டு கரையாது. ஆவியாவதும் கொஞ்சம் குறையும்.

கட்டின் மறுபக்கம் இறங்கினோம். கட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு துண்டுப் பற்றைக்காடு, கால் வைத்தால் நிலம் மெத்தென்றிருக்கிறது. எனக்கு அது உழாமல் விட்ட காணியாகத்தான் பட்டது. பெரியப்பா சிரித்தார். குளத்துக்குள் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறதோ அத்தனை மாதமும் கட்டுக்கு அடியால் கசிவு இருக்கும். கசிந்து வரும் தண்ணீர் நிலத்துக்குள் இருக்கும் உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். அது நேரே வயலுக்குப் போனால் இரண்டு மூன்று தலைமுறையில் வயல் உவராகிவிடும். இந்தப் பற்றை, அதன் நடுவிலுள்ள பள்ளம், ஆழ வேர் விட்ட மரங்கள், வெட்டிவேர்ப் புல் எல்லாம் சேர்ந்து அந்தக் கசிவைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிங்களத்தில் 'கட்டகடுவ'. பெரியப்பா வெறுமனே 'கட்டுக்குக் கீழ்க் காடு' என்கிறார்.

இதே பள்ளத்தாக்கில் மேலே இரண்டு குளம், கீழே ஒரு குளம். மேற்குளத்து வயலில் வடியும் தண்ணீர் இந்தக் குளத்துக்கு வரும், இங்கே வடிவது கீழ்க்குளத்துக்குப் போகும். பேராசிரியர் மத்துமபண்டார 1985இல் இப்படிப்பட்ட தொடர்களை ஒரே அமைப்பாகப் பார்த்து எழுதினார். பிறகு உலக உணவு விவசாய அமைப்பு இலங்கையின் இந்தக் குளத்தொடர் முறையை உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றது. பெரியப்பாவுக்குப் பட்டியலெல்லாம் பொருட்டில்லை. அவருக்கு ஒரே கோபம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு திட்டத்தில் வந்து குளத்தைத் தூர்வாரினார்களாம். பைக்கோ இயந்திரம் துருசு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு, அதன் மட்டத்துக்கும் கீழே தோண்டியது. அந்த ஆழத்தில் நிற்கும் தண்ணீர் வாய்க்காலில் ஏறாது, மாட்டுக்குத்தான் உதவும். குளத்தின் அடியில் ஒழுக்கை அடைத்திருந்த களிப்படையும் சில இடத்தில் கிழிந்துபோயிற்று. அள்ளிய மண்ணைக் கொட்டிய இடம் எது தெரியுமா? அந்த வடிப் புல்வெளி.

"தேயிலை வடியை எடுத்து எறிஞ்சுபோட்டு, கோப்பையை ஆழமாக்கின கதை," என்றார் பெரியம்மா, வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி நீட்டிக்கொண்டே.

நான்காம் நாள், அதே ஊர்

மகளின் பரிசோதனை. பெரியம்மாவிடம் ஒரு பழைய பால்மா ரின் வாங்கி, இரண்டு பக்க மூடியையும் வெட்டி, மூன்று இடத்தில் நிலத்துக்குள் நான்கு விரல் ஆழத்துக்கு அடித்து இறக்கினோம். ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றி, கைபேசியில் நேரம் பார்த்தாள்.

காட்டுக்குள், வீரை மரத்தடியில் சருகை விலக்கிவிட்டு ஊற்றிய தண்ணீர் ஒரு நிமிடத்துக்குள் போய்விட்டது. புல்வெளியில் ஏழு நிமிடம். மாடு நடக்கும் வெறும் சிவப்பு மண்ணில் இருபத்தைந்து நிமிடம் கழித்தும் அடியில் கொஞ்சம் நின்றது. அவள் பொறுமை போய் எழுந்துவிட்டாள்.

இந்தச் சிவப்பு மண் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும் சாதி. அதன் மேல் மழைத்துளி நேரடியாக விழுந்தால் மேற்பரப்புத் துகள் உடைந்து, துவாரங்களை அடைத்து, ஒரு மெல்லிய தோல் போட்டுவிடும். மரத்தடியில் அந்தத் தோல் உண்டாவதில்லை. சருகு துளியின் அடியைத் தாங்குகிறது. செத்துப்போன வேர்கள் விட்டுச் சென்ற குழாய்கள், எறும்பும் கறையானும் குடைந்த வழிகள் எல்லாம் தண்ணீருக்குப் படிக்கட்டு. ரின்னுக்குப் பக்கத்தில் ஒரு புற்று இருந்தது. காட்டுக்குள் தண்ணீர் அவ்வளவு வேகமாக இறங்கியதில் அதற்கும் பங்கு இருக்கும்.

சரி, அப்படியானால் எங்கும் மரம் நட்டுவிட்டால் போதுமே என்று இரவு சாப்பிடும்போது சொன்னேன். பெரியப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"மரமும் குடிக்கும் தம்பி. நீ நட்டால் உனக்காகவே நிண்டு பிடிக்கும்?"

கொழும்பில் மரம் நடுகை விழா என்றால் நான் முதல் ஆளாகக் கை தட்டுகிறவன், அதனால் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அடர்ந்த தோப்பு மழையில் ஒரு பங்கை இலையிலேயே பிடித்து ஆவியாக விடும், இன்னொரு பங்கை வேரால் உறிஞ்சும். தேக்கந்தோப்பு இன்னும் மோசம். அடியில் பற்றை இல்லாமல் எரித்துவிட்டால், அகன்ற தேக்கிலையில் சேர்ந்து உருண்டு விழும் பெருந்துளி வெறும் நிலத்தைக் குத்திக் கிளப்பும். ஆபிரிக்காவில் புர்க்கினா பாசோவில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதையே வேறு விதமாகக் காட்டியது: மரமே இல்லாத நிலத்திலும் நிலத்தடி நீர் சேர்வது குறைவு, நெருங்கிய மரக்கூட்டத்திலும் குறைவு, மரங்கள் நடுத்தர எண்ணிக்கையில் இடைவெளி விட்டு நிற்கும் நிலத்தில்தான் அதிகம். அதன் அயல் நாடான நைஜரில் இயற்கையே இதைக் கோடு போட்டுச் செய்திருக்கிறது. மெல்லிய சரிவில் ஒரு பட்டை வெறும் நிலம், ஒரு பட்டை பற்றை, மறுபடி வெறும் நிலம். மேலிருந்து பார்த்தால் புலித்தோல் போலிருக்கும். வெறும் பட்டையில் வழியும் மழை கீழே உள்ள பற்றைக்கு உணவு. வெறும் நிலம் முழுக்கப் பற்றையாகிவிட்டால் எல்லாச் செடியும் சேர்ந்து தாகத்தில் காயும்.

எத்தனை மரம் என்று மட்டும்தான் இதுவரை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எந்த இடத்தில் என்று கேட்டதே இல்லை.

ஐந்தாம் நாள், மழை

வந்துவிட்டது! இரண்டு மணிக்குக் கிழக்கே கறுத்தது, மூன்றுக்குக் கொட்டியது. பெரியம்மா திட்டத் திட்ட மூன்று பேரும் குடையோடு அலைகரைக்கு ஓடினோம். குடை உடனே வேலைக்காகாமல் போனது.

நான் கொழும்பில் ஆயிரம் மழை பார்த்திருக்கிறேன். தண்ணீர் நடப்பதைப் பார்த்ததில்லை. அங்கே அது விழுந்த கணமே ஓட்டம்தான். இங்கே முதல் பத்து நிமிடம் காட்டுப் பக்கத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை. சிவப்பு மண் மேட்டிலிருந்து மட்டும் ஒரு தகடு போலச் செந்நீர் வழிந்து வந்தது, நுரையோடு, சுள்ளியும் மாட்டுச் சாணமும் காவிக்கொண்டு. புல்வெளியைத் தொட்டதும் அதன் நடை மாறியது. ஒவ்வொரு புல் அடியிலும் சருகு சிக்கியது. சிக்கிய சருகு சின்ன அணையாகி, அதன் பின்னால் விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கியது. தேங்கிய இடத்தில் மண் படிந்தது. நிரம்பி வழிந்து அடுத்த சருகு அணைக்குப் போனது. மேட்டில் செங்கல் நிறத்தில் இருந்தது, புல்லின் கீழ் விளிம்பில் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது.

"பார், களைச்சுப் போச்சு," என்றார் பெரியப்பா. "தண்ணி எங்க எங்க களைக்குதெண்டு பார்த்தால் போதும். களைச்ச தண்ணி பாரத்தை இறக்கி வைக்கும்."

ஒரு இடத்தில் மட்டும் அது களைக்கவில்லை. மாடுகள் தினமும் தண்ணீர் குடிக்க இறங்கும் ஒற்றையடிப் பாதை. புல்வெளியை நேராக வெட்டிக்கொண்டு போகும் முழ அகலத் தடம். மேட்டுத் தண்ணீர் அதைக் கண்டுபிடித்து, உள்ளே விழுந்து, வேகம் எடுத்து, குளத்துக்குள் சிவப்பு நாக்கு மாதிரி நீண்டது. பெரியப்பா சரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பற்றைக் கொப்புகளை முறித்துத் தடத்துக்குக் குறுக்கே போட்டார். நானும் கல் எடுத்து வைத்தேன். கால் மணி நேரத்தில் நாக்கு சுருங்கியது. எழுபத்தைந்து வயதுக்காரருக்குப் பக்கத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அட்டை ஒன்றும் கடித்துவிட்டது.

மழை விட்ட பிறகு குளத்தைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. மகளுக்கு ஏமாற்றம். இவ்வளவு பெய்தும் ஏன்? முதல் மழைகள் நிலத்துக்குச் சொந்தம் என்றார் அவர். காய்ந்த மண் தன் தாகம் தீர்ந்த பிறகுதான் குளத்துக்கு விடும். காடு முழுக்க மூடியிருந்தால் குளம் நிரம்பப் பிந்தும், காடே இல்லாவிட்டால் ஒரே நாளில் நிரம்பும், மண்ணும் சேர்ந்து நிரம்பும். கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தால் குளம் நிரம்பி வான் பாயும் (மிகுதித் தண்ணீர் வெளியே வழியும்), அப்போது மீன் ஏறும், அதைப் பார்க்க வா என்று மகளுக்கு அழைப்பு.

இரவு ஈசல். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் இதைத் தட்டச்சுகிறேன். எழுத்துப் பிழைக்கு மன்னிக்கவும்.

ஆறாம் நாள், அநுராதபுரம்

திரும்பும் வழியில் அரை நாள். திசாவெவ என்ற பழைய குளத்தைப் பார்த்தோம். கலாவெவக் குளத்திலிருந்து இதற்குத் தண்ணீர் கொண்டுவரும் ஜய கங்கை என்ற வாய்க்கால் 87 கிலோமீற்றர் நீளம். அதன் முதல் 17 மைலுக்குச் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம்தான் என்பதை எல்லாரும் வியந்து சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த வாய்க்காலுக்கு நெடுந்தூரம் ஒரு பக்கக் கரைதான் கட்டியிருந்தார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே விட்டதால், காட்டிலிருந்து வடியும் மழையும் வழியெல்லாம் உள்ளே சேரும், பள்ளமான இடங்களில் பரவி நின்று மண்ணை இறக்கிவிட்டு மறுபடி நகரும். நிலத்தின் வளைவையே மறுகரையாக வைத்துக்கொண்ட கெட்டித்தனம்.

வெயில் தாங்கவில்லை. மற்றபடி இன்று எழுத ஒன்றுமில்லை.

ஏழாம் நாள், மறுபடி கொழும்பு

ஞாயிறு. காலையில் கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் அரை மணி நேரம், இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவையும் போனதில்லை.

பலகைப் பாதையில் நடக்கும்போது மகள்தான் முதலில் சொன்னாள், "இது பெரிய வடி அப்பா." கொழும்பைச் சுற்றி இப்படி ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு மிச்சமிருக்கிறது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்த முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. நாணலும் புல்லும் மழைவெள்ளத்தைப் பிடித்து வைத்து, மெல்ல மெல்லக் கால்வாய்க்கு விடுகின்றன. 2010 நவம்பர் மழைக்குப் பாராளுமன்றமே தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். நிரப்பிவிட்ட ஒவ்வொரு துண்டுச் சதுப்பின் தண்ணீரும் வேறு எங்காவதுதான் போய் நிற்க வேண்டும், சில நாள் எங்கள் ஒழுங்கையில்.

வவுனியாவையும் இதையும் ஒரே தராசில் போட மாட்டேன். அங்கே தண்ணீரை நிறுத்துவது அடுத்த போகத்துக்காக, இங்கே அடுத்த வீட்டுக்காரர் நனையாமல் இருப்பதற்காக.

பால்மா ரின்னை மகள் பையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் அதை இறக்க மண் தேடி இரண்டு தரம் நடந்தோம். கடைசியில் கோயில் மதிலோரம், வேப்பமரத்தைச் சுற்றிக் கொங்கிறீற் போடாமல் விட்ட ஒரு முழ வட்டம் கிடைத்தது. பூக்கடை அம்மா, "என்ன பிள்ளை, நேர்த்திக்கடனா?" என்று கேட்டார். செருப்புகள் மிதித்து இறுகிய மண். ஒரு லீற்றர் ஊற்றினாள். பதினைந்து நிமிடமாயிற்று, ரின்னில் பாதி நிற்கிறது. மேற்கே இடி இடித்தது. அவள் எழும்புவதாக இல்லை, நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.